இரட்டைப் பதிவு

கதை எழுதிப் பழகாத ஒருத்தி பேனாவைக் கையில் எடுத்துவிட்டாளே என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாமென முதலிலேயே கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இலக்கணம் கற்றதுண்டு, கற்பனை கற்றதில்லை. ஆகவே வரிசையாகச் சொல்லத் தெரிந்த அளவுக்கு அழகாகச் சொல்லத் தெரியாது. சில பக்கங்களில் கையெழுத்து மாறி, எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருக்குமானால் அதையும் பெரிய மனத்தோடு பொறுத்தருள வேண்டும். பிழை இருப்பின் அது முழுவதும் என்னுடையது.

பெரியவள் முதலில் கவனித்தது சுவரை. விடுதியின் முகப்புக் கல்லில், சுழல்கதவுக்கு மேலே, பழைய சின்னத்தைப் பெயர்த்தெடுத்த தடம் வெளிறிக் கிடந்தது: எதிரெதிரே நின்று அலகோடு அலகு தொடும் இரண்டு கொக்குகள். ஏழு ஆண்டுகளுக்கு முன் அம்மாவோடு வந்து தங்கியபோது அவை பித்தளையில் மின்னிக்கொண்டிருந்தன. விடுதி இப்போது வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய், பெயர் மாறி, புதுச் சின்னம் ஏறியிருந்தது. அதிலும் கொக்குதான். ஆனால் ஒன்று. இரண்டு கொக்குகளின் தடத்தின் மேலேயே அந்த ஒற்றைக் கொக்கைப் பொருத்தியிருந்தார்கள். மழை ஈரம் ஊறிய கல்லில், அதன் உடம்புக்குப் பின்னாலிருந்து இன்னோர் அலகின் நிழல் துருத்திக்கொண்டு தெரிந்தது.

"என்னக்கா, வாயைப் பொளந்துட்டு நிக்கிற? மழையில நனையணும்னு வேண்டுதலா?"

அவசரப்படுத்தியவள் தங்கை. அம்மா இருந்தவரை இருவரையும் பெரியவள், சின்னவள் என்றே அழைத்தாள். அம்மா போன பிறகும் அந்த அழைப்பு போகவில்லை. பெரியவளுக்கு நாற்பத்தாறு வயது. பள்ளியில் இலக்கணம் கற்பிக்கிறாள். சின்னவளுக்கு முப்பத்தெட்டு. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. சிவந்த மெழுகைச் சூட்டுக் கத்தியால் செதுக்கி, முகம் தெரியாதவர்களின் வாய்க்குப் பல் வரிசை கட்டுகிறவள். இடதுகைக்காரி. இடது கட்டைவிரலின் அடியில், கத்தி வழுக்கிச் சுட்ட தழும்பு ஒன்று அரிசி அளவில் வெளுத்திருக்கும். மற்றவர்கள் பையில் சீப்பு வைத்திருப்பதைப் போல அவள் அந்த மெழுகுக் கத்தியைத் துணியில் சுற்றி வைத்திருப்பாள்.

இன்னும் பத்து நாளில் அவள் வேறோர் ஊரில், வேறொரு கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். தனி வீடும் பார்த்தாகிவிட்டது. பள்ளிக்கூடம், நூலகம், வங்கி, ஆஸ்பத்திரி என்று இதுநாள்வரை அவளுடைய எல்லாப் படிவங்களையும் நிரப்பியவள் பெரியவள்தான். இந்த ஒரு வேலைக்கான படிவத்தை மட்டும் சின்னவள் தானே, சொல்லாமல், நிரப்பி அனுப்பியிருந்தாள். அந்த நேரம் பார்த்து விடுதியிலிருந்து கடிதம் வந்தது. பெயர் மாறிய மகிழ்ச்சியில், பழைய விருந்தினருக்கு ஒரு நாள் உபசரிப்பு. பெரியவள் இருவருக்கும் சேர்த்துச் சம்மதம் எழுதினாள். இரவு உணவு முடிந்ததும் 'போகாதே' என்று சொல்லிவிடுவதாக இருந்தாள். அதற்கான வாக்கியத்தைக்கூட அமைத்து வைத்திருந்தாள்.

சுழல்கதவுக்கு நான்கு கண்ணாடிக் கூண்டுகள். வாயில்காப்பவர் குடையை மடக்கி வழிவிட்டார்.

"ஒரு கூண்டுக்கு ஒருத்தர் மேடம். சேந்து போகாதீங்க."

"ஏன், ரெண்டு பேர் போனா கதவு கோவிச்சுக்குமா?" என்றாள் சின்னவள்.

"அதுக்குக் கோவம் வராது மேடம்," என்றார் அவர். சிரிக்கவில்லை.

உள்ளே வாசனை காத்திருந்தது. பழைய விடுதியில் மர மெருகின் வாடையும் வெயிலில் உலர்ந்த துணியின் வாடையும் இருந்தது பெரியவளுக்கு நினைவிருந்தது. இப்போதோ, வெட்டிய வெள்ளரிக்காயையும் புதுத் தோலையும், எதையோ மறைப்பதற்காகத் தெளித்த பன்னீரையும் ஒன்றாகக் கலக்கிக் கூரையிலிருந்து மெல்ல இறக்கினாற்போல், சோபாவில், திரைச்சீலையில், பணியாளர்களின் சட்டைக் கழுத்தில், குடிக்கக் கொடுத்த தண்ணீரில்கூட அந்த ஒரே வாசனை குளிர்ந்து படிந்திருந்தது. பகல் இரண்டு மணி. ஆனால் அந்தக் கூடத்துக்குள் பகலா இரவா என்றே தெரியவில்லை.

சின்னவளுக்கு வாசனைத் திரவியம் ஆகாது. தும்மத் தொடங்கினால் மூன்று; இரண்டோடு நின்றதே இல்லை. "மூணும் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா அடுத்த பேச்சை எடுப்பாள்.

"முகம் கழுவிட்டு வரேன். நீ போய் வழக்கம்போல எனக்கும் சேத்துப் பேசு," என்று மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் கழிப்பறைப் பக்கம் போனாள்.

வரவேற்பு மேசையில் நரைத்த கிருதா வைத்த ஒருவர் நின்றிருந்தார். வணக்கம் சொன்னார், திரையைப் பார்த்தார், மறுபடி வணக்கம் சொன்னார்.

"மேடம், உங்க போன் நம்பர்ல ரெண்டு பதிவு இருக்கு. பழைய நிர்வாகத்து ஏட்டை எங்க ஏட்டுக்கு மாத்தும்போது இந்த மாதிரி இரட்டைப் பதிவு நிறைய வந்துடுச்சு. ஒரே நம்பர், ஒரே விலாசம். சேத்துடலாமா?"

பெரியவளுக்கு உடனே விளங்கியது. ஏழு ஆண்டுகளுக்கு முன் சின்னவளின் படிவத்தையும் அவளே நிரப்பியிருந்தாள். தொலைபேசி எண் என்ற இடத்தில் தன் எண்ணையே எழுதியிருந்தாள். சின்னவள் வேலை நேரத்தில் தொலைபேசியை எடுக்கமாட்டாள் என்பது காரணம். அது ஒரு காரணம்.

அவை இரண்டு ஆட்களின் பதிவுகள் என்று சொல்ல அரை நிமிடம் போதும். பின்னால் ஒரு குடும்பம் பெட்டிகளோடு காத்திருந்தது. பிறரைக் காக்க வைப்பது பெரியவளுக்குப் பிடிக்காது.

"சேத்துடுங்க. ரெண்டு எதுக்கு?"

"எது நிக்கணும் மேடம்? முதல் பதிவா, ரெண்டாவதா?"

"முதல்ல இருக்கிறது. அதான் என்னோடது."

"சரி மேடம். ரெண்டாவதுல இருக்கிற விருப்பங்கள் எல்லாம் முதல் பதிவுக்கு வந்துடும், எதுவும் வீணாகாது. ஆனா ஒரு தடவ சேத்துட்டா அப்புறம் பிரிக்க முடியாது. பரவாயில்லையா?"

"பரவாயில்லங்க. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

மரியாதைக்குச் சொன்ன சொல். கிருதாக்காரர் தலையசைத்து அதை அப்படியே தட்டச்சு செய்துகொண்டார். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினார்.

கழிப்பறைப் பக்கமிருந்து சின்னவளின் தும்மல் கேட்டது. இன்னொன்று கேட்டது. பெரியவள் தன்னையறியாமல் மூன்றாவதற்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. அவளுடைய மூக்கின் உள்ளே ஏதோ ஊர்ந்தது. கைக்குட்டையை எடுப்பதற்குள் தும்மிவிட்டாள். ஒரே ஒரு தும்மல்.

"நல்லாயிருங்க மேடம்," என்றார் கிருதாக்காரர்.

அறை ஏழாவது மாடியில். நடைவழியின் கம்பளம் பிசைந்த மாவைப்போல் மெத்தென்று ஆழமானது. மிதித்த இடம் மெதுவாகத்தான் எழும்பி வந்தது. கதவைத் திறந்து, அகலக் கட்டிலையும் சன்னலுக்கு வெளியே மழையில் கரைந்துகொண்டிருந்த கட்டடங்களையும் பார்த்துச் சின்னவள் சீழ்க்கையடித்தாள். பிறகு குனிந்து எதையோ தேடினாள்.

"அக்கா, இங்க எல்லாம் ஒத்தை ஒத்தையா இருக்கு. ஒரு ஜோடி செருப்பு, ஒரு துண்டு, ஒரு டம்ளர். இவ்வளவு பெரிய கட்டில்ல தலையணைகூட ஒண்ணுதான். அதுவும் இடது பக்கம்."

"இடது பக்கம் நீதானே படுப்ப."

"அப்ப நீ? தரையிலயா? சரி, செருப்புல ஆளுக்கு ஒரு காலைப் போட்டுட்டு நொண்டி அடிக்கலாம் வா."

பெரியவள் சிரித்தாள். தொலைபேசியில் இருவருக்கும் வேண்டுமென்று கேட்டாள். சில நிமிடங்களில் அறை பராமரிக்கும் அம்மாள் வந்து, ஒரு புதுச் செருப்பு ஜோடியையும் துண்டையும் தலையணையையும் வைத்தாள். முன்பிருந்தவற்றை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"அம்மா, அதையும் விட்டுட்டுப் போங்க. ரெண்டு பேர் இருக்கோம்."

அந்த அம்மாள் பெரியவளைப் பார்த்தாள். அவளுக்கு அருகில், கட்டிலின் விளிம்பில் காலாட்டிக்கொண்டிருந்த சின்னவளைப் பார்க்கவில்லை. "பதிவுல எப்படி இருக்கோ அப்படித்தான்மா," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, கதவை ஓசையின்றிச் சாத்திக்கொண்டு போனாள்.

"என்ன திமிரு பாத்தியா?" என்றாள் சின்னவள். "நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். கண்ணு தெரியலையா அவளுக்கு?"

தட்டில் காபி வந்தது. ஒரு கோப்பை. அதன் கீழே, 'தங்களுக்குப் பிடித்த விதத்தில்' என்று அச்சிட்ட அட்டை. பெரியவள் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்கிறவள். சின்னவள்தான் கசப்பாகக் குடிப்பாள். கசந்த அந்தக் காபியைப் பெரியவள் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். நிறுத்த மனம் வரவில்லை. இத்தனை ஆண்டுகள் சர்க்கரை எதை மறைத்து வைத்திருந்தது என்று தோன்றியது. பாதியில் சின்னவள் கோப்பையைப் பிடுங்கிக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சுடுதண்ணி மாதிரி இருக்கு. ஒரு ருசியும் இல்ல."

பெரியவள் தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். சற்றுமுன் கோப்பையைப் பிடித்திருந்தது எந்தக் கை என்று யோசித்தாள்.

சின்னவள் குளிக்கப் போனாள். குளியலறை விளக்கு, ஆள் உள்ளே போனால் தானே எரிவது. குழாயும் கையை நீட்டினால் தானே ஒழுகுவது. கதவு சாத்திய சற்று நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது.

"அக்கா! விளக்கை ஏன் அணைச்ச?"

"நான் இங்க கட்டில்லடி இருக்கேன்."

"இருட்டா இருக்கு. தண்ணியும் வரல. கையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுறேன்."

பெரியவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அவள் காலெடுத்து வைத்ததும் விளக்கு எரிந்தது. குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. கைகழுவும் தொட்டிக்கு முன்னால் சின்னவள் இரு கைகளையும் ஏந்தியபடி நின்றிருந்தாள். தண்ணீர் அவள் கையில் விழுந்தது. சலசலப்பு இல்லாமல் விழுந்தது. பெரியவள் வெளியே ஓர் அடி வைத்தாள். இருட்டு. உள்ளே ஓர் அடி. வெளிச்சம்.

"விளையாடாதக்கா."

"நான் விளையாடல."

அப்போதுதான் சின்னவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்துக்கு நேரே கொண்டுபோனாள். இடது கட்டைவிரலின் அடியைத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

"அக்கா, என் தழும்பு எங்க?"

அங்கே வழுவழுப்பான தோல்தான் இருந்தது. பெரியவள் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளாலேயே சொல்ல முடியாது. முதுகுக்குப் பின்னால், வலது கை விரல்கள் இடது கட்டைவிரலின் அடியைத் தடவின. அரிசி அளவில் ஒரு மேடு. தொட்டதும் எரிந்தது. இப்போதுதான் சுட்டதுபோல் எரிந்தது.

"கையைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுக்கா!"

காட்டினாள். சின்னவள் வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கேலியெல்லாம் வடிந்துபோயிற்று.

"கிளம்பு," என்றாள். "பையை எடு. இங்க ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்."

இரண்டு பைகளையும் பெரியவளே தோளில் மாட்டிக்கொண்டாள். சின்னவளின் பிடியில் பையின் வார் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. நடைவழியில் இருவரும் பக்கம் பக்கமாக விரைந்தார்கள். இரு புறமும் மூடிய கதவுகள். ஒவ்வொரு கதவிலும் ஓர் ஒற்றைக் கொக்கு. கதவுகளுக்குப் பின்னால் யாரோ பேசும் ஒலி. ஒவ்வோர் அறையிலும் ஒரே ஒரு குரல், கேள்வியையும் அதுவே கேட்டு, பதிலையும் அதுவே சொல்லி, இடையில் அழுது, அழாதே என்று தன்னையே அதட்டிக்கொண்டிருந்தது. மின்தூக்கியின் அருகே பெரியவள் திரும்பிப் பார்த்தாள். ஆழமான கம்பளத்தில் அவர்கள் வந்த தடம் மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது.

ஒரு வரிசை.

அவள் சின்னவளிடம் சொல்லவில்லை. மின்தூக்கிக்குள், "என்னக்கா பாத்த?" என்று சின்னவள் கேட்டபோது, அந்தக் கேள்வி காதில் விழுவதற்கு முன்பே தன் நாக்கில் அசைந்ததையும் சொல்லவில்லை.

கீழே கிருதாக்காரர் வணக்கம் சொன்னார்.

"எங்களுக்கு ரூம் வேணாம். கிளம்புறோம்," என்றாள் பெரியவள். "ஆனா அதுக்கு முன்னாடி மதியம் சேத்த பதிவைப் பிரிச்சுக் குடுங்க. அது தப்பு. நாங்க ரெண்டு பேர்."

"யாரு மேடம் ரெண்டு பேர்?"

"நானும் என் தங்கச்சியும். இதோ நிக்கிறாளே!"

கிருதாக்காரர் பெரியவளின் முகத்தை மட்டும், மிகுந்த கனிவோடு பார்த்தார். சின்னவள் இடது உள்ளங்கையால் மேசையை ஓங்கி அறைந்தாள். ஓசை கூடமெங்கும் எதிரொலித்தது.

"யோவ், என்னைப் பாருய்யா!"

"மேடம்," என்று அவர் பெரியவளிடம் சொன்னார். "தயவுசெஞ்சு மேசையைத் தட்டாதீங்க. உங்க கைதான் வலிக்கும்."

பெரியவளின் இடது உள்ளங்கை சிவந்திருந்தது. வலித்தது.

"பிரிங்க," என்றாள். குரல் கீச்சிட்டது. "நான் தெரியாம சொல்லிட்டேன். பிரிச்சுடுங்க."

"பிரிக்க முடியாதுன்னு சொல்லிட்டுத்தானே மேடம் செஞ்சோம்? நீங்களே சம்மதிச்சு, குறிப்பும் குடுத்திருக்கீங்க." திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

ஒரே பதிவு. பெரியவளின் பெயர். அதன் கீழே விருப்பங்கள்: காபியில் சர்க்கரை கூடாது. படுக்கையில் இடது பக்கம். வாசனைத் திரவியம் ஆகாது. இடது கை. கடைசியில், விருந்தினர் சொன்னது: நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்.

சின்னவள் அதைப் படித்தாள். உதடு அசையாமல், ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"இதை நீ சொன்னியா?"

"பின்னாடி ஆளுங்க நின்னாங்கடி. நான் சும்மா, ஒரு பேச்சுக்கு…"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீ முகம் கழுவப் போயிருந்த."

"நான் எப்பவுமே எங்கயாவது போயிருப்பேன்ல உனக்கு? நான் தூங்கிட்டு இருப்பேன், வேலையில இருப்பேன், முகம் கழுவிட்டு இருப்பேன். நீ எனக்கும் சேத்துக் கையெழுத்துப் போட்டுடுவ. எனக்கும் சேத்துச் சாப்பிட வேண்டியதுதானே? எனக்கும் சேத்து மூச்சு விட வேண்டியதுதானே?" குரல் இரைந்துதான் வந்தது, ஆனால் தலையணையை முகத்தில் வைத்து அமுக்கியதுபோல் எங்கோ அடங்கிப் போயிற்று. "இங்க எதுக்குக் கூட்டிட்டு வந்தன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் போகாதேன்னு சொல்லத்தானே?"

பெரியவள் வாயைத் திறந்தாள். அமைத்து வைத்திருந்த வாக்கியம் அங்கே இல்லை.

"நான் போறேன்," என்றாள் சின்னவள். "பத்து நாள் இல்ல. இப்பவே."

வெளியே மழை விட்டிருந்தது. சுழல்கதவின் கண்ணாடிகளில் மாலை வெயில் மஞ்சளாக வழிந்தது. நான்கு கூண்டுகளும் அசையாமல் நின்றன.

சின்னவள் கண்ணாடியின் மேல் இடது கையை வைத்தாள்.

கதவு சுழன்றது.

அந்த விடுதியில் அன்று முழுவதும் அவள் கைக்கு இணங்கிய பொருள் அது ஒன்றுதான். கோபத்தையும் மறந்து அவள் சிரித்துவிட்டாள்.

"அக்கா, பாரு, சுத்துது! எனக்குச் சுத்துது! நான் முன்னாடி போறேன், நீ அடுத்த கூண்டுல வா."

"ஒரு கூண்டுக்கு ஒருத்தர் மேடம்," என்றார் வாயில்காப்பவர். மதியம் விதியைச் சொன்ன குரல் இப்போது கெஞ்சியது. அவர் பெரியவளைத்தான் பார்த்துச் சொன்னார். "தனித்தனியா போங்க. சொன்னாக் கேளுங்க."

சின்னவள் ஒரு கூண்டுக்குள் காலெடுத்து வைத்தாள். வெயில் அவள்மேல் விழுந்தது. தரையில் ஒரு நிழல் விழுந்தது. மெலிதான நிழல். அவளுடையது.

போய்விடுவாள், என்று பெரியவள் நினைத்தாள். வெளியே போய்விடுவாள். பிறகு ஊருக்குப் போய்விடுவாள். திரும்பிப் பார்க்கமாட்டாள்.

கையை நீட்டினாள். இடது மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை விடுக்கா."

"மாட்டேன்."

"விடு. நான் போயிடுவேன். விட்டா போயிடுவேன்."

"அதான் விட மாட்டேன்."

"அக்கா!"

கண்ணாடி நகர்ந்துகொண்டிருந்தது. இடைவெளி ஒடுங்கியது. பெரியவள் பைகளோடு உள்ளே நுழைந்தாள். அதே கூண்டு. தோளோடு தோள். பின்னால் கண்ணாடி மூடியது. வாயில்காப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே வாசனை. காற்று இல்லை. முன் கண்ணாடியில் மூச்சு பட்டு இரண்டு வட்டங்கள் பூத்தன. ஒன்று பெரிது. ஒன்று சிறிது. கதவு சுழன்றது. வட்டங்கள் நெருங்கின. விளிம்பு தொட்டன.

"அக்கா, வலிக்குது."

யார் சொன்னது?

ஒரே வட்டம்.

கதவு அவளை வெளியே தள்ளியது.

ஈரத் தரை. வெயில். வண்டிகளின் இரைச்சல். பெரியவள் நின்றாள். பிடி தளரவில்லை. விரல்களுக்குள் சின்னவளின் மணிக்கட்டு இருந்தது. வெதுவெதுப்பாக, நாடி துடிக்க, இருந்தது. "வந்துட்டோம்டி," என்றாள். "பாத்தியா, வந்துட்டோம்." குனிந்து பார்த்தாள்.

அவளுடைய வலது கை அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

தும்மினாள். மீண்டும் தும்மினாள். மீண்டும்.

மூன்று.

இடது கை முறுக்கியது. அவள் முறுக்கவில்லை. கட்டைவிரல் அடியில் தழும்பு சிவக்க, ஐந்து விரல்களும் காற்றைப் பற்றிப் பற்றி, பொறியில் அகப்பட்டதுபோல் அது இழுத்தது, விடுவிக்க முடியாமல் போகவே நின்றது, யோசித்தது, பிறகு நகங்களை மடக்கி, வலது கையின் புறத்தோலில் ஊன்றி, மெழுகைச் செதுக்கும் நிதானத்தோடு, கீழே இழுக்கத் தொடங்கியது.

முகப்புச் சுவரில், ஒற்றைக் கொக்கின் பின்னாலிருந்து துருத்திய அலகு விரிந்திருந்தது.

தொலைந்தவற்றைக் கீழே தருகிறேன். என் தங்கை ஒருத்தி, வயது முப்பத்தெட்டு. அவள் அணிந்திருந்த நீல மேலாடையும், இடப்புறம் தேய்ந்த செருப்பு ஒரு ஜோடியும். வேறோர் ஊரில் ஒரு வேலை. அப்படி ஒருவர் விண்ணப்பிக்கவே இல்லை என்கிறார்கள். பூட்டியே கிடக்கும் ஒரு சிறிய வீட்டின் சாவி. வீட்டுப் புகைப்படத்தில், அம்மாவுக்கு இடப்பக்கம் நின்றவள். சர்க்கரையின் ருசி. கடந்த மாதம் வலது கையின் சுண்டுவிரல் நகம். இந்த மாதம் அதற்கு அடுத்தது. மெழுகுக் கத்தியை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. துணியில் சுற்றியபடி அது பையில்தான் இருந்தது. இன்று காலை துணி மட்டும் இருக்கிறது.